ஜிஎஸ்டி விற்றுமுதல் வேறு, வருமானம் வேறு: மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வணிகர்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி, வருமான வரி ஆகிய இரண்டு வரிகளுக்கும் படிவம் தாக்கல் செய்து கொடுப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். 2020 ஜூலையில் வருமான வரியைக் கவனிக்கும் தங்கள் வாரியமும் ஜிஎஸ்டியைக் கவனிக்கும் மறைமுக வரிகள் வாரியமும் தகவல் பகிர்வு உடன்பாடு செய்துகொண்டன. இன்று வணிகர் ஜிஎஸ்டிக்குக் காட்டிய விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனைத் தொகை, வருமான வரித் துறை தரும் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையிலேயே வந்து நிற்கிறது. ஓரிடத்தில் ஒரு தொகையும் மற்றோரிடத்தில் வேறொரு தொகையும் காட்டி ஏய்ப்பவர்களைப் பிடிக்க இது உதவும் என்பதால் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால், இரண்டு தொகைகளும் பொருந்தவில்லை என்றதும் வித்தியாசம் முழுவதையும் மறைத்த வருமானமாகக் கூட்டிவிடும் வருமான வரி மதிப்பீட்டு ஆணைகள்தாம் என்னைக் கவலைகொள்ளச் செய்கின்றன.

ஜிஎஸ்டி சரக்கின் நகர்வைப் பார்க்கிறது. வருமான வரி இலாபத்தைப் பார்க்கிறது. வணிகர் தம்முடைய வெளிமாநிலக் கிளைக்கு அனுப்பும் சரக்குக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறார், ஆனால் தமக்குத் தாமே விற்று எவரும் இலாபம் ஈட்ட முடியாது. பழைய இயந்திரத்தை விற்ற தொகை ஜிஎஸ்டிக்குத் தாக்கல் செய்யும் 3பி படிவத்தில் ஏறும். வருமான வரிக் கணக்கிலோ அது விற்பனையில் சேராமல், தேய்மானம் கணக்கிடும் சொத்துத் தொகுப்பின் மதிப்பிலிருந்து கழியும். மார்ச் மாத விற்பனைப் பட்டியலில் நேர்ந்த பிழையை நவம்பர் 30 வரை திருத்த ஜிஎஸ்டி சட்டமே இடம் தருவதால், தொகை அடுத்த நிதியாண்டின் படிவத்துக்குப் போய்விடுகிறது. எல்லாரினும் அதிகம் துன்பப்படுபவர் கமிஷன் முகவர். பிறருடைய சரக்கைத் தம் பெயரில் பட்டியல் போட்டு விற்பதால் முழு விற்பனையும் அவருடைய ஜிஎஸ்டி எண்ணில் பதிவாகிறது. அவருக்குக் கிடைப்பதோ கமிஷன் மட்டுமே.

ஒரு வரியின் முடிவை மற்றொரு வரிக்கு அப்படியே சுமத்தக்கூடாது என்பது பழைய நீதி. வருமான வரியில் கணக்குக் காட்டப்படாத பணம் என்று முடிவான தொகையை, வேறு ஆதாரமில்லாமல் விற்பனை வரிக்குரிய விற்றுமுதலாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அதே அளவுகோல் எதிர்த்திசைக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன். விற்பனை உண்மையிலேயே மறைக்கப்பட்டிருந்தாலும், விற்பனைத் தொகை முழுவதும் வருமானம் ஆகாது, அதிலுள்ள இலாபமே வருமானம் என்று குஜராத் உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சிறு வணிகர்களுக்கான 44ஏடி பிரிவும் விற்றுமுதலில் 8 விழுக்காட்டை, வங்கி வழி வரவாயின் 6 விழுக்காட்டைத்தான் வருமானமாகக் கொள்கிறது.

ஆகவே, நோட்டீஸ் அனுப்பும்போதே எந்த மாதத்தில், எந்தப் படிவத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பிரித்துக் காட்டும்படி அலுவலர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் தாக்கல் செய்யும் 9சி படிவத்தில் தணிக்கைக் கணக்குக்கும் ஜிஎஸ்டிக்கும் உள்ள ஒப்பீடு ஏற்கெனவே இருக்கிறது; அதை முதலில் பார்த்தாலே பல நோட்டீஸ்களுக்கு அவசியம் இராது. அதற்கும் குறைந்த விற்றுமுதல் உள்ள வணிகர்கள் ஒப்பீடு தயாரிக்கப் போதிய அவகாசம் தரவேண்டும். அதன் பிறகும் வணிகரின் கணக்கை நம்பத்தகாதது என்று அதே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 145(3) பிரிவின்கீழ் நிராகரிப்பதானால், வணிகரின் விளக்கம் எந்த இடத்தில் ஏற்கத்தக்கதாக இல்லை என்பதை ஆணையிலேயே எழுதச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
வணிகக் கணக்காளர் ஒருவர்