‘ஹைப்போ’ விவகாரம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில நாட்களாக, வேதிப்பொருட்கள் விற்கும் நம் நிறுவனத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்டவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்காதவர்கள் எப்படியும் கேட்கத்தான் போகிறீர்கள். ‘கிருமிநாசினி கேட்டோம், கலப்பட உப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்பது அதன் சாரம். உடனே போன் போட்டு, “என்ன சார், நீங்களா இப்படி?” என்று உரிமையோடு கேட்டவர்களுக்கு முதலில் நன்றி. கேட்காமலே ஆர்டரை நிறுத்திவிட்ட ஓரிருவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நம்மிடம் நெடுநாளாக ஆய்வகப் பொருட்கள் வாங்கிவரும் ஓர் இடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. அதில் ‘ஹைப்போ – 5’ என்று மட்டும் இருந்தது. கிலோவா லிட்டரா என்பதுகூட இல்லை. போன் செய்து கேட்டோம். ‘வழக்கமா வாங்குறதுதான்’ என்று பதில் வந்தது. அவர்கள் கணக்கில் வழக்கமாகப் போவது டைட்ரேஷனுக்கான, அதாவது ஒரு கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனைக்கான, சோடியம் தயோசல்பேட். அதையே ஐந்து கிலோ கட்டி அனுப்பினோம். ஆனால் இந்த முறை சீட்டு எழுதியது ஆய்வகம் இல்லை, அங்குள்ள துப்புரவுப் பிரிவு. அவர்களுக்கு ஹைப்போ என்றால் தரை துடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்.

இரண்டு பேருமே தவறாகச் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். 1819-இல் ஜான் ஹெர்ஷல், வெள்ளி உப்புகளைக் கரைக்கக்கூடிய ஓர் உப்பைப் பற்றி எழுதினார். அன்று அதற்கு ஹைப்போசல்பைட் என்று பெயர். பிறகு புகைப்படக்காரர்கள் படத்தை நிலைநிறுத்த அதைப் பயன்படுத்தி, ‘ஹைப்போ’ என்று சுருக்கிவிட்டார்கள். வேதியியல் பெயர் தயோசல்பேட் என்று மாறிய பிறகும் இருட்டறையிலும் ஆய்வகத்திலும் செல்லப்பெயர் மாறவில்லை. மருத்துவமனைப் பக்கம் ஹைப்போகுளோரைட்டின் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு அதையும் ஹைப்போ ஆக்கிவிட்டார்கள். ஒன்று நிறமற்ற படிகம், மணமில்லாதது. மற்றது வெளிர் மஞ்சள் திரவம், மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும்.

இதுவரை சொன்னது பெயர்க் குழப்பம். அது யாருக்கும் நேரலாம். என்னால் விழுங்க முடியாதது ‘கலப்படம்’ என்ற அந்த ஒரு சொல். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். படிகத்தைத் தண்ணீரில் கரைத்தார்களாம், வாசனையே வரவில்லையாம். சரி, வீரியம் குறைவு போலிருக்கிறது என்று, வாளியில் மிச்சமிருந்த பழைய ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு கை அள்ளிப் போட்டார்களாம். இருந்த வாடையும் போய்விட்டதாம். ‘நல்லா இருந்ததையும் இந்த உப்பு கெடுத்துடுச்சு’ என்று அந்தப் பதிவில் ஒரு குரல் சொல்கிறது.

ஐயா, கெடுக்கத்தான் செய்யும்! ஹைப்போகுளோரைட்டின் வாடைக்கும் வீரியத்துக்கும் காரணமான குளோரினை முறிப்பதுதான் தயோசல்பேட்டின் வேலையே. தண்ணீரில் மிஞ்சிய குளோரினை நீக்க மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் சொட்டு சொட்டாக விடுவது இதைத்தான். குடிநீர் மாதிரியில் கிருமிப் பரிசோதனை செய்பவர்கள், குளோரின் கிருமிகளைத் தொடர்ந்து கொன்று முடிவைப் பொய்யாக்கிவிடக் கூடாது என்று, மாதிரிக் குப்பியில் முன்கூட்டியே போட்டு வைப்பதும் இதைத்தான். அந்த வாளியில் வாடை போய்விட்டது என்றால் நாங்கள் கொடுத்த பொருள் அசல் என்று அர்த்தம். அந்தப் பேட்ச்சில் எடுத்து வைத்த மாதிரி இப்போதும் நம்மிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நேரில் வந்து பார்க்கலாம். அயோடினும் ஸ்டார்ச்சும் சேர்த்துக் கருநீலமாக்கிய கரைசலில் நம் உப்புக் கரைசலை விட்டால் கண்ணெதிரே நீலம் மறைந்து தெளிவாகிவிடும். பள்ளி ஆய்வக உதவியாளர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதிவின் கடைசியில் ‘விஷ உப்பு’ என்றும் ஒரு வார்த்தை வருகிறது. சயனைடு நஞ்சுக்கு ஊசியாகக் கொடுக்கும் முறிவு மருந்துகளில் சோடியம் தயோசல்பேட் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. உடலில் உள்ள ரோடனீஸ் என்ற நொதி, இதிலிருந்து கந்தகத்தை எடுத்துச் சயனைடோடு சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது நஞ்சு குறைந்தது, சிறுநீரோடு வெளியேறிவிடும். இதைப் படித்துவிட்டு நம்முடைய ஆய்வகத் தரப் பாட்டிலை யாரும் மருந்தாக நினைத்துவிட வேண்டாம், ஊசிக்கான தரம் முற்றிலும் வேறு. ‘விஷம்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். எலி மருந்தாக 1948-இல் வந்த வார்ஃபாரின், 1954-இலிருந்து மனிதர்களுக்கு இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கப்படுகிறது. பழைய வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் டிரைஆக்சைடு, ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு இன்று முறையான சிகிச்சை. லேபிளில் மண்டையோடு இருப்பதாலேயே எங்களைத் திட்டுபவர்களும் உண்டு. அந்தக் குறியைப் போடாமல் கொடுத்தால்தான் திட்ட வேண்டும்.

பேக்கிங் பிரிவில் இருந்த நம் பெரியவர் இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்று சிலர் சொன்னீர்கள். உண்மைதான். யார் எதை எந்தப் பெயரில் கேட்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ‘மயில்துத்தம்’ என்றால் காப்பர் சல்பேட், ‘அன்னபேதி’ என்றால் ஃபெரஸ் சல்பேட், ‘வெங்காரம்’ என்றால் போராக்ஸ் என்று சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்து வைப்பார். பூரம், வீரம் இரண்டும் பாதரசக் குளோரைடுதான் என்றாலும், வீரம் எவ்வளவு கொடியது என்று தெரிந்து, அதைக் கேட்பவரை நிறுத்தி நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டார். உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகள் படித்தவர்கள், கவனமானவர்கள், ஆனால் உங்கள் செல்லப்பெயர்கள் அவர்களுக்குத் தெரியாது.

அதோடு நம் தமிழ் எழுத்தில் சல்பைடு, சல்பைட் இரண்டுக்கும் கடைசி எழுத்துதான் வித்தியாசம். அவசரமாகக் கிறுக்கினால் அதுவும் தெரியாது, சல்பேட்டும் சல்பைடு போலத்தான் தோன்றும். எக்ஸ்ரே எடுக்கும் முன் நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும் பேரியம் சல்பேட் தண்ணீரில் கரையாது, அதனால் உடலில் சேராமல் அப்படியே வெளியேறும். பேரியம் சல்பைடு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. கறை எடுக்கும் பென்சைன் கேட்டவருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனைக் கொடுக்க முடியுமா? இதற்கு நேர்மாறாக, பாரசிட்டமால் கேட்ட ஓர் ஆய்வகம், அசிட்டமினோஃபென் என்று லேபிள் இருந்ததால் ‘மாத்தி அனுப்பிட்டீங்க’ என்று திருப்பி அனுப்பியது. இரண்டும் ஒன்றேதான். அட்ரினலினும் எபிநெஃப்ரினும் அப்படித்தான்.

ஆகவே இனி ஆர்டரில் பொருளின் முழுப்பெயரோடு சிஏஎஸ் எண்ணையும், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகம் முழுக்க வழங்கும் தனி அடையாள எண்ணையும், எழுதித் தாருங்கள். பாட்டில் லேபிளிலேயே இருக்கும். ஹைப்போகுளோரைட்டுக்கு 7681-52-9, நீரேறிய தயோசல்பேட் படிகத்துக்கு 10102-17-7. பெயர் எத்தனை இருந்தாலும் எண் ஒன்றுதான். அதில் இன்னொரு வசதியும் உண்டு: கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு. மெத்தனாலின் 67-56-1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 1-ஐ விட்டுவிட்டு, வலமிருந்து 6-ஐ ஒன்றாலும், 5-ஐ இரண்டாலும், 7-ஐ மூன்றாலும், 6-ஐ நான்காலும் பெருக்கிக் கூட்டினால் 61 வரும். அதன் கடைசி இலக்கம் 1, ஆக எண் சரி. ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதியிருந்தால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தத் துப்புரவுப் பிரிவினருக்கு நேர்ந்த அலைச்சலுக்கு வருந்துகிறோம். மறுநாளே ஹைப்போகுளோரைட் கேனை நம் வண்டியிலேயே அனுப்பி வைத்தோம். இது மட்டும் ஏனோ அந்தப் பதிவில் இல்லை.

பதிவைக் கேட்ட பிறகும், ‘எங்களுக்குத் தெரியாதா உங்களை’ என்று வழக்கமான ஆர்டரை வழக்கம்போலவே போட்ட ஆய்வக உதவியாளர்கள், ஆசிரியர்கள், மருத்துவமனை ஸ்டோர் பொறுப்பாளர்கள், சாயத் தொழில் நண்பர்கள் ஒவ்வொருவரையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். பெரியவர் நலம். உங்களையெல்லாம் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
உரிமையாளர்

பி.கு.: போனில் ஆர்டர் எடுப்பது அடுத்த மாதம் முதல் இல்லை. எண்ணைச் சரிபார்த்துக் கட்ட வேண்டியிருப்பதால் சரக்கு ஒரு நாள் தாமதமாக வரலாம். சீல் உடைத்த பாட்டிலைத் திரும்பப் பெற இயலாது.