நடந்துகொண்டே பேசு

அன்பு மகனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது, பதவி உயர்வு என்று அம்மாவிடம் சொன்ன செய்தியைவிட, நடுவில் இரண்டு முறை கேட்ட லைட்டரின் ஓசையும், படியேறிய உனக்கு மூச்சு வாங்கியதும்தான் என் காதிலேயே நிற்கின்றன. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை. தினமும் நட என்று சொல்லவே இந்தக் கடிதம்.

வேலைக்கு நடுவே அந்த நினைப்பு வந்தால் உடனே எழுந்து நட. புகைக்கும் வேட்கை எழுந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்துவதுதான் பாடு. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவு வேகத்தில் ஒரு பத்து நிமிடம் நடந்தால், நடக்கும்போதும் அதற்குப் பின் சிறிது நேரமும் அந்த வேட்கை குறைகிறது என்பதை ஆய்வாளர்கள் பலமுறை சோதித்துக் கண்டிருக்கிறார்கள். முதல் வாரம்தான் மிகக் கடினம். எரிச்சலும் தூக்கமின்மையும் பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் அடங்கிவிடும்.

நடை மட்டுமே போதும் என்று சொல்லி உன்னை ஏமாற்றமாட்டேன். உடற்பயிற்சியைச் சேர்த்ததால் ஆறு மாதங்களுக்குப் பிறகும் புகைக்காதவர்கள் கூடினார்கள் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆகவே மருத்துவரையும் பார். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோ நிகோட்டின் சூயிங்கமோ அவர் சொல்வதைச் சேர்த்துக்கொள். கேட்கமாட்டேன் என்று எழுதிய கையே கேட்டும்விட்டது.

பள்ளியில் 400 மீட்டர் ஓட்டத்தின் கடைசி வளைவில் மூன்று பேரை முந்தி வந்தாயே, அதை நான் யாரிடம்தான் சொல்லவில்லை! அந்த நெஞ்சையா இப்படி வைத்திருக்கிறாய்?

இல்லை, உன்னைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரே நாளில் விட்டுவிட்டேன் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னது பொய். அதற்குப் பிறகும் எட்டு மாதங்கள் மொட்டைமாடியில் ஒளிந்து புகைத்தேன். நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது என் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தாய் என்று உன்னை அறைந்தேனே, அன்று என் விரல்களில் அதே வாடை இருந்தது. நீ அதை முகர்ந்திருப்பாய். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாய்.

அன்றிரவுதான் நான் முதன்முதலாகத் தெருவில் இறங்கி நடந்தேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பை வெறுமையாக இருக்கும். அடுத்த விளக்குக்கம்பம் வரை போவோம், அங்கே போய் முடிவு செய்வோம் என்று சொல்லிக்கொள்வேன். அங்கே போனதும் அதற்கடுத்த கம்பம். அப்படியும் இருமுறை பழையபடி விழுந்தேன். மூன்றாம் முறை மருத்துவரிடம் போனேன், நடப்பதையும் நிறுத்தவில்லை. இதையெல்லாம் உனக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீயும் இன்று என்னிடம் மறைக்கமாட்டாய்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வெளியே இறங்கி நடந்துகொண்டே பேசு. மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை. நானும் இங்கே நடந்துகொண்டே கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா