இரைச்சலை நிறுத்த எர்த் வயரை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறேன். என் தந்தையார் எண்பதுகளில் வாங்கிய பிரித்தானியத் தயாரிப்பான அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் எங்கள் முன்னறையில் இன்றும் நாள்தோறும் ஒலிக்கின்றன. கடந்த ஆண்டு அதில் ஓர் இரைச்சல் புகுந்தது. பாட்டு ஒலிக்கும்போது மறைந்திருந்து, பாட்டு நின்றவுடன் வண்டு முரல்வதுபோலத் தாழ்ந்த சுருதியில் கேட்கும். திருத்தகம் ஒன்றில் கொடுத்தேன். மூன்று நாட்களில் இரைச்சல் இல்லாமல் திரும்பி வந்தது. அது எப்படி நீக்கப்பட்டது என்பதைச் சில மாதங்கள் கழித்துத்தான் அறிந்தேன். அதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒருநாள் என் மனைவி, தொலைக்காட்சியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு அம்பிளிபயரின் பின்புறத்தைத் துடைத்தபோது, இரும்புப் பெட்டியில் பட்ட புறங்கையில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறதென்று கையை இழுத்துக்கொண்டார். டெஸ்டரைப் பெட்டியின் திருகாணியில் வைத்தேன்; உள்ளே இருந்த சிறு குமிழ் மங்கலாக எரிந்தது. செருகியைச் சுவரிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்தேன். மண்ணிற உயிர்க்கம்பியும் நீல நொதுமற்கம்பியும் தத்தம் இடத்தில் இருந்தன. பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் வயர் மட்டும் வெட்டப்பட்டு, நுனி பின்னோக்கி மடிக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. திருத்தகத்தில் கேட்டபோது, "இரைச்சல் எர்த்திலதான் வருது ஐயா, எல்லாருக்கும் இப்படித்தான் செய்து குடுக்கிறனாங்கள்" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் இதில் எனக்கு மிகுந்த கவலை தருவது. என் அம்பிளிபயர் மூன்று முனைச் செருகி வழியாக எங்கள் வீட்டு எர்த்துடன் இணைந்திருந்தது. தொலைக்காட்சிக்கு வரும் கேபிள் வயரின் உலோக உறையோ வெளியே வேறோரிடத்தில் எர்த் செய்யப்பட்டிருந்தது. இரண்டு இடங்களின் மின்னழுத்தமும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. தொலைக்காட்சியையும் அம்பிளிபயரையும் ஓர் ஓடியோ வயரால் இணைத்தவுடன் ஒரு வளையம் பூர்த்தியாகி, அந்த வயரின் உறை வழியே சிறு மின்னோட்டம் ஓடத் தொடங்குகிறது. நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை மாறுவது. ஸ்பீக்கரில் நான் கேட்டது அந்த 50 ஹேர்ட்ஸ் முரலைத்தான். வளையத்தை எங்கே வெட்டினாலும் முரல் நிற்கும். அதை உயிரைக் காக்கும் கம்பியில் வெட்டியதே தவறு.

எர்த் வயர் முழுதாக இருக்கும்போது, உள்ளே காப்பு பழுதாகி 230 வோல்ட் பெட்டியைத் தொட்டால், மின்னோட்டம் அந்தக் கம்பி வழியே பாய்ந்து, 30 மில்லிஅம்பியர் கசிவுக்கே விழும் ட்ரிப் சுவிட்ச் உடனே விழுந்துவிடும். எர்த் வெட்டப்பட்டிருந்தால் பெட்டி ஓசையின்றி மின்னேறி நிற்கும். ஒருவர் கை வைத்து, அவருடைய உடலே பாதையான பின்னர்தான் ட்ரிப் சுவிட்ச் விழும். ட்ரிப் சுவிட்ச் பழுதாகியிருக்கும் அல்லது பொருத்தப்படவே இல்லாத பழைய வீடுகளில் என்ன நடக்கும் என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. சதுரக் குதையில் எர்த் முனைக்கான மேல் துளையைப் பேனை முனையால் அழுத்தி இரண்டு முனைச் செருகியை நுழைக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு; எர்த் இருக்கவேண்டிய சாதனத்தை அப்படிப் பொருத்துவதும் இதே ஆபத்தைத்தான் தரும்.

எர்த் வயரை மீண்டும் பொருத்தினேன். இரைச்சலும் திரும்பி வந்தது. இம்முறை நானே பொறுமையாகத் தேடினேன். அம்பிளிபயருக்கு வரும் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றியதும் முழு அமைதி. இசைத்தட்டுக் கருவியை மட்டும் இணைத்தேன், அமைதி. டிவிடி கருவி, அதுவும் அமைதி. தொலைக்காட்சியை இணைத்ததும் முரல் தொடங்கியது. அந்த நிலையிலேயே கேபிள் வயரைத் தொலைக்காட்சியிலிருந்து இழுத்தேன், சட்டென்று நின்றது. இதற்குப் பத்து நிமிடங்கூடச் செல்லவில்லை. பின்னர் தொலைக்காட்சியின் ஒளி வெளியீட்டிலிருந்து ஒளியிழை வயர் ஒன்றை, அதைச் சாதாரண ஓடியோவாக மாற்றித்தரும் உள்ளங்கையளவுப் பெட்டியுடன் இணைத்தேன். ஒளியிழையில் உலோகம் இல்லாததால் வளையம் அங்கே அறுந்தது. எர்த்தும் தன் இடத்தில் இருக்கிறது, இரைச்சலும் இல்லை.

இதே அம்பிளிபயரில் இடப்பக்க ஸ்பீக்கர் மெல்லிய ஒலியில் ஊமையாகி, ஒலியைக் கூட்டினால் உயிர்பெற்ற காலமும் ஒன்று உண்டு. வேறொரு திருத்தகம் அந்தப் பக்கத்தின் பாகங்கள் முழுவதையும் மாற்றவேண்டும் என்றது. நான் ஸ்பீக்கர் வயர்களை அம்பிளிபயரில் இடம் வலமாக மாற்றிப் பார்த்தேன். ஊமை மற்ற ஸ்பீக்கருக்குத் தாவியது. ஆகவே ஸ்பீக்கரில் குறையில்லை. உள்ளே வரும் வயர்களை மாற்றியபோது ஊமை இடம் பெயரவில்லை. ஆகவே குறை அம்பிளிபயருக்குள்ளேதான். சுவிட்சைப் போட்டுச் சில விநாடிகளில் 'டக்' என்று ஒலித்து ஸ்பீக்கர்களை இணைக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சின் தொடுமுனைகள் கறுத்திருந்ததை அனுபவமுள்ள ஒருவர் கண்டு துடைத்துக் கொடுத்தார். கடலை அண்டிய எங்கள் பகுதியில் உப்புக் காற்று செம்பு வயர் நுனிகளில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடுகிறது. பழுதென்று சொல்லப்படுபவற்றில் பல இத்தகைய தொடுப்புக் குறைகளே என்பது என் அனுபவம். வெளி வயர்களை யாரும் மாற்றிப் பார்க்கலாம், சுவிட்சை நிறுத்திவிட்டு. பெட்டியைத் திறப்பதை மட்டும் தொழில் தெரிந்தவர்களிடம் விடவேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் உள்ளிருக்கும் கொள்ளளவிகள் (மின்னைச் சேமித்து வைக்கும் பாகங்கள்) மின்னேற்றத்தைத் தக்கவைத்திருக்கும்.

1925 ஆம் ஆண்டு முதல் வானொலி ஒலிக்கும் நகரம் இது. தாய் தந்தையர் வைத்துக் கேட்ட பெட்டிகளை எறிய மனமில்லாத வீடுகள் இங்கு பல உண்டு. திருத்துநர்களை நம்பியே நாங்கள் அவற்றைக் கொடுக்கிறோம். அவர்களிடம் நான் பணிவாகக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் காரணத்திற்காகவும் எர்த் வயரைக் கழற்றித் திருப்பிக் கொடுக்காதீர்கள். சோதனைக்காகக் கழற்றினால் மீண்டும் பொருத்தி, அதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். இரைச்சலுக்காக அம்பிளிபயரையோ சப்வூபரையோ அண்மையில் திருத்தக் கொடுத்து வாங்கிய வாசகர்கள், அதன் செருகியைச் சுவரிலிருந்து எடுத்து, மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு இந்த வாரமே திறந்து பார்க்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.