செவ்வாய்ப்பேட்டை வாத்தியார் ஐயாவுக்கு நன்றி

பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் சின்னத் தாத்தா சேலத்தில் படித்தார், அப்புறம் ஊர்ப் பக்கம் வரவே இல்லை. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோதான். அட்டையில் ஒட்டியது, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. ஐயா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்து, முன்வரிசைப் பையன் மடியிலிருந்த சிலேட்டைப் படித்தார்: ஆறாம் பாரம், பி பிரிவு. அன்றைய எஸ்.எஸ்.எல்.சி., பதினோராம் வகுப்பு.

“அப்படின்னா அட்மிஷன் ரிஜிஸ்டர்ல இருப்பார் தம்பி. அதை மட்டும் எந்தப் பள்ளிக்கூடமும் தூக்கிப் போடாது” என்றார். தலைமையாசிரியரிடம் அவரே பேசி அனுமதி வாங்கினார். பதிவேட்டில் காப்பாளர் என்ற இடத்தில் தாய்மாமன் பெயர். தொழில்: காப்பி எஸ்டேட் ரைட்டர், ஏற்காடு. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா எங்கே போனார் என்ற இத்தனை வருஷக் கேள்விக்கு அதில் பதில் இருந்தது.

பின்வரிசையில் நின்றவர்களில் ஒருவரை அம்மாபேட்டையில் தேடிப் பிடித்ததும் ஐயாதான். “மாமாகிட்டயே கணக்கெழுத மலைக்குப் போயிட்டான்” என்று அவர் உறுதி சொன்னார்.

அந்த வயதிலும் ஐயா என்னோடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தார். சேர்வராயன் மலையில் தாத்தா குடும்பம் நடத்திய வீட்டைக் கண்டோம். அங்கே எனக்கு ஓர் அத்தை இருக்கிறார்!

பொங்கலுக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஐயா, நீங்களும் அம்மாவை அழைத்துக்கொண்டு கட்டாயம் வர வேண்டும்.