இசபே படத்தைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

"கல்யாணத்துக்குக் கொடுத்தீர்களே, அந்தக் குட்டிப் படங்களை விற்றால் எவ்வளவு தேறும்?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தாய், ஐந்து வாரமாக உன் குரலையே காணோம். மருமகனைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால், நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதலில், படங்களை ஜன்னலோரம் வைக்காதே. தந்தத் தகட்டின் மேல் தீட்டிய நீர்வண்ணம் அது. வெளிச்சம் பட்டால் கன்னத்துச் சிவப்பு வெளிறிவிடும், ஈரத்துணியால் துடைத்தால் முகமே துணியோடு வந்துவிடும். விற்பதென்றால், தந்தம் என்பதால் 1947-க்கு முன் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும். எவனோ ஒரு சந்தைக் கடைக்காரனிடம் கொடுத்துவிடாதே. பாரிஸின் துருவோ ஏலக்கூடத்துக்குப் பொருள் அனுப்பும் நிபுணரிடம் காட்டு.

விலை போகக்கூடியது கையொப்பமில்லாத அந்த நீல உடைப் பெண்தான். 1780-களின் சிகையலங்காரம், பின்புறக் கண்ணாடிக்குள் பின்னிய தலைமுடி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்: முகம் முழுக்கப் பொடிப்புள்ளி, கைச்சட்டையில் மட்டும் விறுவிறுவென்ற கோடுகள், நெற்றியில் வண்ணமே இல்லாமல் தந்தம் தானாக ஒளிர்கிறது. சேந்துவான் பழம்பொருள் சந்தையில், கரண்டிகள் கிடந்த பெட்டிக்குள்ளிருந்து அதைக் கண்டெடுத்தபோது உனக்கு ஒன்பது வயது. அந்தக் கண் எனக்கு வாய்க்கவில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நீ வேறு சிலவற்றைப் பார்க்கத் தவறினாயே என்பதுதான் என் ஆதங்கம், போகட்டும்.

இசபே படத்தை மட்டும் யாரிடமும் கொண்டுபோகாதே. நெப்போலியன் அரசவைக்கு வரைந்த இசபேயின் கை அதில் படவே இல்லை. பழைய பியானோக் கட்டைகளிலிருந்து உரித்த தந்தப் பட்டைகளால் ஆன அந்தச் சட்டத்தைப் பார்த்த அன்றே நான் சந்தேகித்திருக்க வேண்டும். வண்ணத்துக்கு அடியில், அச்சடித்த படத்தில் இருக்கும் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டேன். அதன் பிறகும் விருந்தினர் வரும்போதெல்லாம் அதையே எடுத்துக் காட்டினேன். அதை வாங்க விற்றது உன் அம்மாவின் நான்கு வளையல்களை. கடைசிவரை அவள் அது நிஜமென்றே நம்பியிருந்தாள்; நானும் சொல்லவில்லை. உனக்குச் சீராகக் கொடுத்தபோதும் வாய் திறக்கவில்லை.

நீலப் பெண்ணை விற்பதில் எனக்கு வருத்தமில்லை. சான்றுக்கு உதவும் பழைய ரசீது என் மேசையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள், தனியாக வந்தாலும் சரி. அதுவரை ஜன்னலோரம் வைக்காதே.

உன் அப்பா