வண்டிக்கு அரை மணி, தபாலுக்கு ஒரு நாள்

தெற்கு ரயில்வேயில் கால அட்டவணை வகுக்கும் அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு அஞ்சல் வட்ட அதிகாரிகளுக்கும்

வணக்கம்.

ஒரு வண்டியை அரை மணி தள்ளி விட்டால் பயணிக்கு அரை மணிதான் நஷ்டம். அதில் வரும் தபால் பைக்கு ஒரு நாளே போய்விடலாம், சனிக்கிழமையானால் திங்கள்தான். புது அட்டவணை போடும்போது இந்தக் கணக்கையும் பாருங்கள்.

காலையில் ஸ்டேஷனில் இறங்கும் பை, ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் தபாலைப் பிரிக்கும் அஞ்சல் பிரிவில், பிரிந்து, வேனிலோ பஸ்ஸிலோ துணை அஞ்சலகம் போய்ச் சேர வேண்டும். அங்கே தபால்காரர்கள் தத்தம் பீட்டுக்கு, அதாவது தாங்கள் தபால் கொடுக்கும் தெருக்களுக்கு, உரியதை அடுக்கி, ஸ்பீடு போஸ்ட்டைக் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பின் வரும் பைக்கு மறுநாள்தான். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தின் பாடு இன்னும் கஷ்டம். அங்கே பஸ்ஸில் பை போவது நாளுக்கு ஒரே தடவை. ஊழியருக்கு வேலை நேரமே நாலைந்து மணிதான். அந்த பஸ்ஸைத் தவறவிட்ட பை மறுநாள்வரை கட்டுப் பிரிக்காமலே கிடக்கும்.

1984 வரை ஓடும் ரயிலிலேயே தபால் பிரித்தார்கள். வண்டி நேரம் கழித்து வந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். இப்போது வண்டி வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அதனால் அது வரும் நேரம் முன்னைவிட இன்றுதான் முக்கியம்.

நேரம் மட்டுமல்ல, நிறுத்தமும் முக்கியம். 2020 முடக்கத்துக்குப் பின் வண்டிகள் திரும்பி ஓடின. சிறு ஸ்டேஷன்கள் பலவற்றில் நிறுத்தம் உடனே திரும்பவில்லை.

இந்தக் காலத்தில் யாருக்குக் கடிதம் வருகிறது என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஏடிஎம் கார்டு, வேலைக்கான அழைப்பு, கோர்ட் நோட்டீஸ் எல்லாம் தபாலில்தான் வருகின்றன. அழைப்பில் போட்டிருக்கும் தேதி யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு நாள் பிந்தினால் கடைக்கோடி ஊர்க்காரருக்குத்தான் இழப்பு.

ரயில்வே அதிகாரிகளே, தபால் பை ஏறி இறங்கும் வண்டிகளில் கை வைக்குமுன், வரைவு அட்டவணையைச் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆர்.எம்.எஸ். கோட்டங்களுக்கு அனுப்பி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வண்டி நிற்கும் நேரத்தைக் குறைக்கும்போது, பை இறக்க அந்த நேரம் போதுமா என்றும் பாருங்கள்.

அஞ்சல் அதிகாரிகளே, வண்டி நேரம் மாறும் அன்றே வேன் நேரமும் பட்டுவாடா நேரமும் மாறட்டும். சாயங்கால வண்டி முன்கூட்டியே கிளம்புமானால், தெருத் தபால் பெட்டியில் எழுதியிருக்கும் எடுப்பு நேரத்தையும் திருத்தி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தபாலை நம்பியிருக்கும் ஒரு கிராமத்தான்