நடைவண்டி மச்சில்தான் இருக்கிறது

அன்புள்ள மீனாவுக்கு,

கரடி பொம்மை மியூசியத்துக்குப் போய் நீ எடுத்த படங்கள் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் பாப்பா ஒன்று உன் இடுப்பில் இருக்கிறாள், இல்லை மாப்பிள்ளை தோளில் இருக்கிறாள். குளிர் ஊர், தரையில் விட முடியாது, சரி. காலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறாயா? அங்கே நல்லது கிடைக்காவிட்டால் சொல், தம்பியின் சிநேகிதன் அடுத்த மாதம் கிளம்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அவனிடம் சொப்பும் நடைவண்டியும் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "சொப்பு மட்டும் போதும்மா, வண்டிக்குப் பெட்டியில் இடம் இருக்காது" என்றாய். வண்டியைக் கழற்றினால் நாலு கட்டையும் மூன்று சக்கரமும்தான், உனக்கும் தெரியும். நீ அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தது, அத்தை வந்து போனது எல்லாம் எழுத நினைத்தேன், அப்புறம் எழுதுகிறேன்.

அந்த வண்டி ஆச்சிக்குச் செய்தது. ஆச்சி பிறந்தது 1909, அப்படியானால் வண்டிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் விளையாட்டுச் சாமான் வாங்கக் கடைக்கு யார் போனார்கள்? ஆசாரி வீட்டு வேலைக்கு வந்தால் மிஞ்சின கட்டையில் பிள்ளைக்கு ஒரு வண்டி செய்துவிட்டுப் போவார். சொப்பு மட்டும் நம் அம்பாசமுத்திரம் கடைசல்காரர்கள் வேலை. ஒரு ஆள் கயிற்றை இழுத்து மரத்தைச் சுற்றவிட, இன்னொரு ஆள் உளி பிடித்துக் கடைவார், கடைந்ததும் சுற்றுகிற மரத்தின் மேலேயே அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார். உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். உரல், உலக்கை, அம்மி, திருகை, குடம், அடுப்பு என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாம் உள்ளங்கை அளவில் இருக்கும். ஆச்சி அதில்தான் சமையல் கற்றுக்கொண்டாளாம். நீயும் அப்படித்தான். உன் கைப்பக்குவத்தை மாப்பிள்ளை புகழ்ந்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, உன்னிடம் நான் சொல்லவில்லை.

ஆச்சியின் அப்பா ரங்கூனிலிருந்து வரும்போது ஒரு தகரப் பொம்மை கொண்டுவந்தார். சாவி கொடுத்தால் தானாக நடக்கும். உங்கள் ஜெர்மனியில் செய்தது. நூரம்பர்க் ஊரில் அப்போது இதே வேலைதானாம், உலகத்துக்கே பொம்மை அங்கிருந்து போயிருக்கிறது. 1914-ல் சண்டை வந்ததும் ஜெர்மன் சாமான் வரத்து நின்று, அந்த இடத்தை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான். நம் வீட்டுப் பொம்மைக்கு உள்ளே ஸ்பிரிங் அறுந்துபோக, அதைச் சரிபண்ண ஊரில் ஆள் இல்லை. தெருவெல்லாம் வந்து பார்த்த பொம்மை, நடக்காமல் போனதும் யாரும் சீண்டவில்லை என்று ஆச்சி சொல்லுவாள். ஆச்சி மட்டும் அதற்குத் துணி சுற்றிப் பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொள்வாளாம்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும். எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விடாதே, தொடையிலிருந்து பாதம் வரை மெதுவாக உருவிவிடு.

நீ எடுத்த படத்தில் ஒரு அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அது யார் என்று தம்பியிடம் கேட்டேன். மார்கரெட்டே ஷ்டைஃப், அந்த மியூசியம் இருக்கிற ஊர்க்காரியேதான், 1847-ல் பிறந்தவள், ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் போய், வலது கையும் பலமில்லாமல் ஆனவள் என்று படித்துச் சொன்னான். கூடப் பிறந்தவர்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அவளைக் கைவண்டியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போவார்களாம். தையல் மிஷின் சக்கரத்தைச் சுற்ற வலது கை வராது என்று மிஷினையே திருப்பிப்போட்டு இடது கையால் சுற்றித் தைத்திருக்கிறாள். ஊசி குத்திவைக்க அவள் தைத்த யானையைப் பிள்ளைகள் எடுத்து விளையாட ஆரம்பிக்க, அதிலிருந்துதான் கம்பெனியே வந்தது. கரடி அவள் அண்ணன்தம்பி வழி மருமகன் 1902-ல் போட்ட வடிவம், 1907-ல் ஒரே வருஷத்தில் 9,74,000 கரடி செய்திருக்கிறார்கள். தம்பி படித்து முடித்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அத்தனை இடம் இருக்க அந்தப் படத்தை எனக்கு எதற்கு அனுப்பினாய் மீனா? சும்மா அனுப்பியிருந்தால் சந்தோஷம். அப்படி இல்லையென்றால் என்னிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். வேற்று ஊரில் தனியாகப் படித்து, வேலை தேடி, வீடு பிடித்தவள் நீ, எல்லாவற்றையும் நீயே தூக்கிச் சுமந்து பழகிவிட்டாய். இது அப்படிச் சுமக்கிற காரியம் இல்லை.

பாப்பாவுக்கு பங்குனியில் இரண்டு வயது முடிந்துவிட்டது. ஆச்சி சொன்ன விளையாட்டையெல்லாம் நான் யோசித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் உட்கார்ந்து விளையாடுவதுதான். தட்டாங்கல்லுக்குக் கையும் கண்ணும் போதும், ஒரு கல்லை மேலே போட்டு அது விழுவதற்குள் கீழே கிடக்கிறதை அள்ளிவிட வேண்டும். பல்லாங்குழிக்குப் பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, போட்டுக்கொண்டே போகும்போது நம் குழியில் நாலு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பெரியவள் ஆனதும் சொல்லிக்கொடு, கணக்கு தானாக வரும். இப்போதைக்குச் சொப்பு போதும். அவள் கெட்டிக்காரி, போனில் என்னை "ஆச்சி" என்று எவ்வளவு தெளிவாகக் கூப்பிடுகிறாள்.

நடைவண்டியை அனுப்பவில்லை. துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு மச்சிலேயே வைத்துவிட்டேன், வேண்டும்போது கேள், வேண்டாமென்றால் அங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம், தரையில் உட்காரவைத்தே காட்டு, அவள் எப்படி இருக்கிறாளோ அப்படியே பார்க்க வேண்டும். அவள் தூங்கினபிறகு டாக்டர் சொன்னதை எனக்குச் சொல், அப்பாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். விசாவுக்கு உன் பக்கமிருந்து என்ன காகிதம் வேண்டும் என்று தம்பிக்கு எழுது.

இப்படிக்கு,
அம்மா